நடு அறையில் அமர்ந்தவள்

ஜூன் பதினான்காம் நாள், சனிக்கிழமை. காலை முதல் மேகமூட்டம்; மழையைப் பற்றி வானமே முடிவுக்கு வரவில்லை.

1

இக்கதை என் கற்பனையன்று என்பதை முதற்கண் ஒப்புக்கொள்கிறேன். என் மனைவி சொன்னது. அவளுடைய அக்காவின் இசைவோடு எழுதுகிறேன். மனைவியை இங்கே ‘தங்கை’ என்றே குறிப்பிடுவேன்.

2

அக்கா மருத்துவமனைச் செவிலி. இரவுப் பணி முடிந்தாலும் காலைத் திருப்பலி காணாமல் உறங்கச் செல்லாள். அவளது பக்தி ஆழ்கடலினும்—

[மூன்று உவமைகள் எழுதினேன். மூன்றும் அக்காவைவிட அலங்காரமாக இருந்தன. நீக்கினேன்.]

தங்கை அழகு நிலையத்தில் முடி வெட்டுபவள். கிறிஸ்துமசுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் கோயிலுக்குப் போகிறவள். ஞாயிறன்று அவள் மகளுக்கு ஞானஸ்நானம். குழந்தையின் விசுவாசத்துக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தாயாக நிற்க அக்கா மறுத்துவிட்டாள்.

“நீ கோயில் படி மிதிச்சு எத்தனை வருஷம் ஆச்சு? நான் எதை நம்பி அங்க வாக்குக் குடுக்கிறது?”

“என்னை நம்ப வேணாம்க்கா. புள்ளைய நம்பு.”

“வாய் மட்டும் காது வரைக்கும் இருக்கு. சனிக்கிழமை வந்து பாவசங்கீர்த்தனம் பண்ணு. அப்புறம் பேசலாம்.”

3

பாவசங்கீர்த்தனத் தொட்டி என்பது, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதற்கான, மூன்று அறை கொண்ட மரக்கூண்டு. பக்க அறைகளில் முழந்தாளிட வெறும் பலகை. நடு அறையில் மெத்தை வைத்த இருக்கை. பகலெல்லாம் நின்று வேலை செய்த தங்கை எதற்குள் நுழைந்தாள் என்று சொல்லவும் வேண்டுமோ? சாமியார் இன்னும் வரவில்லை. அவருடைய இருக்கையில் அமர்ந்து, திரையை இழுத்துவிட்டு, தன் பாவங்களை நினைவுகூரலானாள். குழந்தையோடு நான் கோயில் வாசலில் நின்றேன்.

பக்க அறையில் யாரோ முழந்தாளிட்டார். இடைத்தடுப்பின் சல்லடைக்கு அப்பால் அக்காவின் குரல்.

“சாமி, நான் பாவி. தங்கச்சி புள்ளைக்கு ஞானத்தாயா நிக்க மாட்டேன்னுட்டேன். அவளுக்கு விசுவாசம் இல்லன்னு பழியை அவ மேல போட்டேன். நெசம் அது இல்ல. வார்டுல சாகக் கெடக்கிறவங்க கையைப் பிடிச்சு ஜெபம் சொல்றேன். வார்த்தை வருது, உள்ள ஒண்ணுமே இல்ல. ரொம்ப நாளா இப்படித்தான். அந்தப் புள்ளைக்கு நான் என்னத்தக் குடுப்பேன்?”

4

முதல் வரைவில் தங்கையை எழுந்து ஓடச் செய்தேன். இரண்டாம் வரைவில் சாமியாரின் குரலில் மன்னிப்பு வழங்க—

[இல்லை. கோயிலுக்குப் போகாதவளுக்கும் அஞ்சுமிடம் ஒன்று உண்டு.]

நடந்தது இதுதான்.

“அக்கா, நான்தான்.”

அக்கா சல்லடையில் கண் வைத்துப் பார்த்தாள்.

“நீ எங்கடி உக்காந்திருக்கே?”

“சேர் இருந்துச்சு.”

“அது சாமியார் எடம்டி, எருமை.”

“தெரியாதுக்கா. ஒரு கடையில ஒரு நாள் சாமான் இல்லன்னாலே நான் அந்தத் தெருப் பக்கம் போக மாட்டேன். உனக்கு ஒண்ணுமே கிடைக்கல, இருந்தும் தெனம் வர்றே. அதைத்தான் என் புள்ளைக்குக் குடுன்னு கேக்கிறேன்.”

5

அக்கா சொன்ன மறுமொழியை இருவரும் எனக்குச் சொல்ல மறுக்கின்றனர். ஞாயிறன்று நடந்ததை நானும் எழுதப்போவதில்லை. கண்டதை மட்டும் தருகிறேன்: முகம் சிவந்து இருவரும் வெளியே வந்தனர். அக்கா குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

“தலையைத் தாங்கிப் பிடிக்கணும். இது கூடவா தெரியாது?”

திருப்பித் தரவில்லை. அது சம்மதமா என்பதை வாசகரே தீர்மானிக்க. அப்போது மணி மாலை ஐந்து நாற்பது.