ஸொல்மே அப்பா

தையற்கூடத்தில் நான்கு நாளாகத் தையல் இல்லை. இயந்திரங்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு, பெண்கள் வெள்ளைக் காகிதத்தில் சாமந்திப்பூ செய்துகொண்டிருந்தார்கள். ஆளுக்கு நாற்பது. தூமன் ஆற்றுக் காற்று கதவிடுக்கில் புகுந்து பசையை உறைய வைத்தது. கிண்ணத்தைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டார்கள்.

சுன்னே முழங்கையால் ஓக்புன்னை இடித்தாள்.

"ஸொல்மே அம்மா, பூவுக்கு இதழ் பன்னெண்டு. உன்னோடதுல பதினொண்ணுதான் இருக்கு. இதுக்கும் ஒரு விமர்சனக் கூட்டம் போட்டுடப் போறாங்க."

"நாளைக்குப் புதைச்ச மூணாம் நாள் அக்கா. குழிக்குப் போய் ஒரு கிண்ணம் சாராயம் ஊத்தணும்."

தலைவர் இறந்த செய்தி வானொலியில் வந்த மறுநாள், ஓக்புன்னின் கணவன் சுரங்கத்தில் செத்தான். நாட்டுத் துக்கம் பதினோரு நாள். அதுவரை வேறு எந்தச் சாவுக்கும் ஓலம் கூடாது. விடிவதற்குள் சறுக்குவண்டியில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். ஓக்புன் கையுறையைக் கடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

பூ செய்து முடித்த மதியம், சதுக்கத்தில் தலைவர் படத்தின்முன் அவள் முறை வந்தது. பூவை வைத்துக் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. "அப்பா!" என்று ஒரு குரல் அவளிடமிருந்து பிய்த்துக்கொண்டு வந்தது. எல்லோரும் தலைவரை அழைக்கும் சொல்தான். பனியில் விழுந்து புரண்டாள். பின்னால் நின்றவர்களுக்கும் உண்மையாகவே அழுகை வந்துவிட்டது.

கட்சிச் செயலாளர் ரிம் அவள் பெயரைக் குறித்துக்கொண்டார்.

"இதுதான் அழுகை! நாளைக்குத் தொலைக்காட்சிக்காரங்க வராங்க. முன்வரிசையில நீங்கதான், தோழர்."

"நாளைக்கு அரைநாள் லீவு கேக்கலாம்னு இருந்தேன், தோழர். என் வீட்டுக்காரர் குழிக்கு..."

"துக்கம் முடிஞ்சு போங்க. அவர் என்ன, எழுந்தா போயிடப் போறாரு?"

மறுநாள் படப்பிடிப்பு விளக்கு முகத்தில் அடித்தது. ஓக்புன்னுக்குக் கண்ணீர் வரவில்லை. "நேத்து மாதிரி," என்று ரிம் பல்லைக் கடித்தார். அவள் கண்ணை மூடிக் கணவன் முகத்தை நினைத்தாள். கண்ணீர் வந்தது. பத்து வருடமாக அவனைக் கூப்பிட்ட பெயரும் கூடவே வந்தது.

"ஐயோ, ஸொல்மே அப்பா!"

விளக்கு அணைந்தது.

"ஸொல்மே யாரு?" என்றார் ரிம்.

சுன்னே தரையைப் பார்த்தபடி, "இவ பொண்ணு, தோழர்" என்றாள்.

அன்றைய விமர்சனக் கூட்டத்தில் ஓக்புன் எழுந்து நின்று, நாட்டின் துக்கத்தைத் திருடிச் சொந்தச் சாவுக்குச் செலவழித்ததாக வாசித்தாள். எழுதிக் கொடுத்தவர் ரிம். அடுத்த நாள் அவள் கையில் பூவுக்குப் பதில் துடைப்பம் இருந்தது. துக்கத்தின் மீதி நாட்கள் முழுதும் படத்துக்கு ஏறும் படிகளில் விழும் பனியைக் கூட்ட வேண்டும். அழக் கூடாது.

பத்து மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். மூன்றாவது வரிசையில் ஸொல்மே. அம்மாவைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். ஆசிரியை கைகாட்டியதும், "அப்பா! அப்பா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவள் நிறுத்தவில்லை.

"பாருங்க எல்லாரும். இப்படித்தான் அழணும்." ஆசிரியை அவளைக் கைப்பிடித்து முதற்படிக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

ஓக்புன் குனிந்து, மகளின் காலணியைச் சுற்றி விழுந்திருந்த பனியைக் கூட்டினாள்.