கழுவி வைத்த சிலிண்டர்

சிஸ்டர் நோரா சிலிண்டர் சாவியை இன்னொரு முறை திருப்பினாள். கேஜின் முள் பூஜ்யத்தை விட்டு நகரவில்லை. சிலிண்டரின் வெள்ளைத் தோளில் காலையில் வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் முழுசாகக் காயவில்லை. கறுப்பு உடம்பு ஜன்னல் வெளிச்சத்தில் புதுசு போல மின்னியது. அவள் குனிந்து வாயருகே காதை வைத்துக் கேட்டாள். பிறகு சாவியைத் தரையில் வைத்துவிட்டு ஸ்ரீகண்டனைப் பார்த்தாள்.

"இது காலி."

"இல்ல சிஸ்டர். நேத்திக்கு லாரி வந்தப்போ காலியக் குடுத்து அனுப்பிச்சேன். இது ஃபுல்."

"ஃபுல்லைக் குடுத்து அனுப்பிட்டீங்க மேன்."

ஆக்ஸிஜன் சிலிண்டர் நிறைந்ததா தீர்ந்ததா என்று பார்த்துச் சொல்ல முடியாது. இரும்பின் கனத்துக்கு முன்னால் உள்ளே இருக்கிற காற்றின் கனம் ஒன்றுமில்லை. உருட்டுகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் காக்ஸ் டவுனில் இருந்த அந்தச் சின்ன நர்ஸிங் ஹோமில் சாக்பீஸால் அடையாளம் போடுவார்கள். நிறைந்ததற்குப் பெருக்கல் குறி, தீர்ந்ததற்கு வட்டம். நேற்றுக் காலை, ஆயுத பூஜைக்கு முந்தின நாள், அட்டெண்டர் கோவிந்தப்பா ஸ்டோரில் இருந்த இரண்டையும் கிணற்றடிக்கு உருட்டிப் போய்த் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தான். குறிகள் சோப்பு நுரையோடு போயின. மத்தியானம் டெப்போ லாரி வந்தது. பண்டிகை விடுமுறைக்கு முன் அதுதான் கடைசி நடை. டிரைவர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தான். காலியானது எப்போதும் கதவுப் பக்கம்தான் நிற்கும் என்பதால் கதவுப் பக்கம் நின்றதைக் கிளீனர் தூக்கிப் போனான். கிணற்றடியிலிருந்து எது முதலில் உள்ளே வந்தது என்று ஸ்ரீகண்டனுக்கு யோசனை வரவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

போன வருஷமாக இருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. அப்போது ஸ்டோரில் ஆறு சிலிண்டர் சும்மா நின்றுகொண்டிருக்கும். சும்மா என்ற அந்த வார்த்தைதான் ஸ்ரீகண்டனுக்குப் பொறுக்கவில்லை. பி.காம் முடித்து, கணக்கும் ஸ்டோரும் பார்க்க வந்த புதிது. நிற்கிற ஒவ்வொரு சிலிண்டருக்கும் டெப்போ வாடகை போடுகிறது, நின்றாலும் தீர்ந்தாலும். ஒவ்வொரு முறை லாரி வந்தாலும் நடைக்கூலி. அதிகம் வைத்தால் வாடகை தின்னும், அடிக்கடி கூப்பிட்டால் லாரி தின்னும். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு எண் இருக்கிறது, ஸ்கொயர் ரூட் போட்டால் கிடைக்கும் என்று லைப்ரரியில் எடுத்த ஓர் அமெரிக்கப் புத்தகத்தில் இருந்தது. போட்டான். இரண்டு என்று வந்தது. நோயாளி பக்கத்தில் ஒன்று, ஸ்டோரில் ஒன்று. டாக்டர் அலெக்சாண்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எக்ஸலன்ட் மேன். சொன்னாத்தான் தெரியுது, நாம இரும்புக்கு வாடகை கட்டிட்டிருக்கோம்" என்றார். ஸ்ரீகண்டன் அன்றைக்கு ஜீவனஹள்ளி வரை காரணமில்லாமல் சைக்கிள் ஓட்டினான்.

ஜீவனஹள்ளியில் பேக்கரி வைத்திருந்த ரெமிஜியஸுக்கும் அந்தக் கணக்கு பிடித்திருந்தது. மழையோ குளிரோ தொடங்கினால் ஆஸ்துமாவோடு வந்து படுப்பவர். மூச்சு திரும்பியதும் முதலில் வாய்தான் ஓடும். போன மாதம் அவர் கட்டிலருகே ஸ்ரீகண்டன் விளக்கிக்கொண்டிருந்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"கரெக்டு சாமி. நேத்து ரொட்டிய இன்னைக்கு எவன் வாங்குவான்? மிஞ்சினத பன்னிக்குப் போடறப்போ எனக்கு வயிறு எரியும். எங்க மாஸ்டர் கேக்க மாட்டான், தட்டு நெறய சுட்டு அடுக்குவான். நீங்க வந்து அவனுக்கு ஒரு வாட்டி சொல்லுங்க."

"ரொட்டிக்கு வேற ஃபார்முலாங்க."

"அய்யருக்கு ரொட்டியும் தெரியும்போல. கேக்கு மட்டும்தான் தின்ன மாட்டாரு, முட்டை."

நேற்று ராத்திரி அவரைத்தான் மகன்கள் நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்திருந்தார்கள். இந்த முறை வாய் ஓடவில்லை. ஊசிகள் எல்லாம் போட்டாகிவிட்டது. டாக்டர் காரை எடுத்துக்கொண்டு மைசூர் தசரா பார்க்கப் போயிருந்தார், ராத்திரிதான் திரும்புவார். நேற்று லாரி இறக்கிப் போன சிலிண்டர்தான் கட்டிலருகே இருந்தது, அதில் கால்வாசி மிச்சம்.

"ஓட்டத்தக் கொறச்சு வெக்கிறேன்" என்றாள் நோரா. "இருட்டறவரைக்கும் இழுக்கலாம். அதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

டெப்போவில் போனை எடுக்க ஆளில்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் உபரி இல்லை என்றார்கள். இன்னொன்றில் ஆளை இங்கே கொண்டு வாருங்கள் என்றார்கள். கட்டிலை விட்டு இறக்கினால் வாசல் வரைக்கும் வர மாட்டார் என்று நோரா தலையசைத்தாள். கோவிந்தப்பா கதவோரம் தோளில் துண்டோடு நின்றான்.

"உன்னை யாருய்யா இதைக் கழுவச் சொன்னா?" என்றான் ஸ்ரீகண்டன்.

"பூஜைக்குக் கழுவித் தொளயாம வெப்பாங்களா சாமி? எல்லா வருஷமும் கழுவறதுதானே." கொஞ்சம் நிறுத்தி, "அப்பெல்லாம் நெறைய இருந்துச்சு, ஒண்ணு மாறினா இன்னொண்ணு" என்றான். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

வெல்டிங் பட்டறையிலும் ஆக்ஸிஜன்தான் என்பது அப்போது ஞாபகம் வந்தது. நர்ஸிங் ஹோம் கட்டில்களை ஒட்டித் தருகிற ரங்காவின் பட்டறை ஆடுகோடியில், ஊரின் மறுபக்கம். ஜட்கா பிடித்து, கெஞ்சி, இரட்டை வண்டிச்சத்தம் பேசிப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் உடைத்த பூசணிக்காய் குங்குமத்தோடு சிதறிக் கிடந்தது. உள்ளே டார்ச்சுகள், சுத்தியல்கள், லேத்து எல்லாவற்றுக்கும் பொட்டு. நடுவில் ஒரே ஒரு சிலிண்டர், சாமந்தி மாலையோடு, முன்னால் வாழையிலையில் பொரியும் வெல்லமும். ரங்கா புது வேட்டியில் இருந்தான்.

"நீங்களே இப்படிக் கேட்டா எப்படி அய்யரே? பூஜையில உக்காந்த சாமான இன்னிக்குத் தொட மாட்டோம். விடிஞ்சதும் வாங்க, நானே தூக்கிட்டு வர்றேன்."

"விடியற வரைக்கும் ஆள் இருக்க மாட்டார் ரங்கா."

"அது வெல்டிங் கேஸு. மனுசனுக்கு ஆவுமா?"

"ஆகும்." ஆகும் என்றுதான் நினைத்தான்.

ரங்கா மூலையில் நின்ற மனைவியைப் பார்த்தான். பாஞ்சாலி கற்பூரத் தட்டைக் கீழே வைத்தாள்.

"மாலையோட தூக்கிட்டுப் போவட்டும். மாலைய எறக்கினாத்தானே பூஜ முடிஞ்ச கணக்கு? எறக்காதீங்க சாமி. அந்த ஆளு மூக்குல வெக்கிறப்பவும் எறக்காதீங்க."

ரங்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு வால்வை ஒரு நொடி திறந்தான். உஸ்ஸென்ற அந்தச் சத்தத்தில் ஸ்ரீகண்டனுக்குக் கண் கலங்கியது. முக்கால் இருக்கும், வெச்சு ஓட்டலாம் என்றான் ரங்கா.

ஜட்காவில் சிலிண்டரை நீளவாக்கில் கிடத்தி அதன் மேல் கையைப் போட்டு உட்கார்ந்தான். இரும்பு சில்லென்று இருந்தது. ஹோசூர் ரோட்டில் குதிரை நன்றாகத்தான் ஓடியது. அந்த அமெரிக்கப் புத்தகத்தில் இன்னொரு பத்தி உண்டு: சரக்கு தீர்ந்துபோனால் என்ன நஷ்டம் என்று ஒரு தொகையை எழுதிக் கணக்கில் சேர்க்கச் சொல்லும். அவன் வெகுநேரம் யோசித்து, டாக்ஸி பிடித்து டெப்போவுக்குப் போய்வருகிற செலவை எழுதியிருந்தான். டாக்டர் அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் தலையாட்டினார். வேறு என்ன எழுதியிருக்க முடியும் என்று இப்போது யோசித்துப் பார்த்தான். ஒரு எண்ணும் வரவில்லை. ரெமிஜியஸின் உதடு மத்தியானமே நீலமாகியிருந்தது.

வெயில் கூரைகளுக்கு மேலே போய்விட்டிருந்தது. அல்சூர் சந்தைத் தெருவில் ஜட்கா நின்றது. வாழைக்கன்று கட்டிய ஒரு லாரி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. இந்தப் பக்கம் சாக்கடை, அந்தப் பக்கம் பூக்கடைகள். பின்னால் திரும்பலாம் என்றால் அதற்குள் இரண்டு மாட்டு வண்டிகள் வந்து சேர்ந்துவிட்டன. ஸ்ரீகண்டன் குதித்து ஓடினான்.

"அர்ஜென்ட் கேஸ் இருக்குங்க. கொஞ்சம் ஒதுக்குங்க."

டிரைவர் எட்டி ஜட்காவைப் பார்த்தான். மாலை போட்ட சிலிண்டரைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"உங்க பூஜையும் ஆச்சா சாமி? நல்லது, நல்லது. இதோ, எங்களுது ஒரு நிமிசம். டேய், சாமிக்குக் குடுடா."

கிளீனர் ஒரு கை பொரியை அள்ளி ஸ்ரீகண்டனின் கையில் வைத்தான். அதில் ஒரு வெல்லக்கட்டி இருந்தது. ஸ்ரீகண்டன் ஆளின் நிலையைச் சொல்வதற்குள் டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டான். கிளீனர் சக்கரம் சக்கரமாகக் குனிந்து எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டே போனான். பிறகு முன்னால் வந்து கம்பியை மாட்டிச் சுழற்றினான். இன்ஜின் இருமியது, நின்றது. மறுபடி சுழற்றினான். பொரியை எங்கே போடுவது என்று தெரியாமல் கையை மூடியபடியே ஸ்ரீகண்டன் நின்றான். முன்சக்கரத்துக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் அந்தப் பழம் மஞ்சளாக, முழுசாக, அப்படியே இருந்தது.