மக்டலீனுக்கு வந்த வழிகாட்டி

கடிதத்தில் 'வழிகாட்டி' என்ற இடத்துக்கு நேரே சிவகௌரியின் பெயர் இருந்தது. மக்டலீன் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு மேசை லாச்சியை இழுத்து உள்ளே போட்டாள்.

மக்டலீனுக்கு ஐம்பத்தைந்து வயது. கடற்கரையோரக் குருநகரிலிருந்து இரண்டு பஸ் மாறித் தெல்லிப்பழைப் பக்கத்துச் சிறிய நூலகம் ஒன்றுக்கு வந்து போகத் தொடங்கிப் பத்தொன்பது வருடம். இன்னும் மூன்றாந்தர நூலகர்தான். தரம் உயர்வதற்கான பரீட்சையில் புத்தகங்களை வகைபிரித்து எண் போடுகிற நூற்பகுப்புப் பாடம் இரண்டு முறை அவளைக் கவிழ்த்துவிட்டது. அடுத்த முறைதான் கடைசி வாய்ப்பு. சிவகௌரியோ ஒன்பது வருடத்துக்கு முன் இதே நூலகத்தில் அவளுக்குக் கீழே பயிற்சிக்கு இருந்தவள். இப்போது வேறொரு பெரிய நூலகத்தில் முதலாந்தர நூலகர். பரீட்சை எழுதுகிற ஒவ்வொருவருக்கும் மேல்தரத்து நூலகர் ஒருவரைத் வழிகாட்டியாக விடுவது என்று மேலிடம் புதிதாகத் தீர்மானித்திருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சிவகௌரி கொக்குவிலிலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். கையில் ஒரு படிவம்.

"இருங்கோ மிஸ்," என்றாள் மக்டலீன்.

"அக்கா, என்னை மிஸ் எண்டு சொல்லாதேங்கோ."

"பதவிக்கு மரியாதை குடுக்கத்தானே வேணும்."

சிவகௌரி படிவத்தை விரித்தாள். "ஐஞ்சு வருசத்தாலை எங்கை இருக்க விரும்புறியள் எண்டு கேட்டுக் கிடக்கு."

"வீட்டிலை. பென்சன் எடுத்துக்கொண்டு."

சிவகௌரி அதையே எழுதினாள். பிறகு எழுந்துபோய், இன்னும் எண் போடாத புத்தகங்களில் ஐந்தை எடுத்துவந்து வைத்து, "இதுகளுக்கு வகுப்பெண் போடுங்கோ" என்றாள். மக்டலீனுக்கு முகம் கறுத்தது. ஆனாலும் போட்டாள். ஐந்தில் இரண்டுதான் சரி.

"எண் உங்களுக்குத் தெரியும் அக்கா. ரெண்டு விசயம் சேந்து வாற புத்தகமெண்டால் தீர்மானிக்காமல் பொதுப் பிரிவுக்குள்ளை தள்ளிவிடுறியள். என்னத்துக்கு?"

மக்டலீன் யன்னல் பக்கம் பார்த்தாள். காலையிலிருந்து நின்ற கால்கள் உளைந்தன. "அந்தப் பனங்கட்டிப் புத்தகத்துக்குப் பிறகு எனக்குத் துணிவில்லை."

பதநீர் காய்ச்சிப் பனங்கட்டி செய்வதைப் பற்றிய நூல் ஒன்று தாவரவியல் தட்டில் இருந்ததைக் கண்டு, பரிசோதனைக்கு வந்த அதிகாரி ஒருவர் வாசகர்கள் முன்னாலேயே அவளைக் கண்டபடி ஏசிவிட்டுப் போயிருந்தார். அப்போது பயிற்சிக்கு இருந்த சிவகௌரியும் அன்று பக்கத்தில்தான் நின்றாள்.

"அந்த எண் நான் போட்டது," என்றாள் சிவகௌரி மெல்ல.

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ பேசாமல் நிண்டனீங்கள்?"

"கீழை கையெழுத்து என்ரை. நீ வந்து ரெண்டு மாசம்கூட ஆகேல்லை." மக்டலீன் பேனையை மூடி வைத்தாள். "கோவம் இல்லாமலில்லை. நீ பாஸ் பண்ணினதைச் சொல்லக் கோல் எடுத்தனீ எல்லே? போன் அடிச்சு ஓயுமட்டும் பாத்துக்கொண்டு இருந்தனான்."

சிவகௌரி தலையை ஆட்டினாள். அவளுக்கு அது அப்போதே விளங்கியிருந்தது. படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, பிழையாக எண் போட்ட மூன்று புத்தகங்களையும் மக்டலீன் பக்கம் திரும்பத் தள்ளினாள்.

மாதம் ஒருதரம் வந்தால் போதுமென்றுதான் கடிதத்தில் இருந்தது. சிவகௌரி பரீட்சை வரைக்கும் இருந்த நாலு மாதமும் செவ்வாய் தவறாமல் வந்தாள். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் பற்றிய புத்தகம் மீன்பிடிக்குள் போகுமா, கூட்டுறவுக்குள் போகுமா என்று ஒரு மத்தியானம் முழுக்கத் தர்க்கப்பட்டார்கள்.

"கூட்டுறவு படிக்கிற பிள்ளையள்தான் இதைக் கேப்பினம்," என்றாள் மக்டலீன். "எங்கடை கடற்கரையிலை ஒருத்தரும் புத்தகம் பாத்து மீன் பிடிக்கேல்லை." சிவகௌரி அன்று விட்டுக்கொடுத்தாள்.

சில செவ்வாய்களில் இருவருமே சோர்ந்துபோயிருந்தார்கள். அப்படி ஒரு நாள் சிவகௌரி சொன்னாள்: "எனக்கு மேலை இருக்கிறவையிட்டை ஒண்டும் கேக்கேலாது அக்கா. கேட்டால், இவளுக்குத் தெரியாது எண்டு மனசிலை குறிச்சு வைப்பினம்." மக்டலீன் பிளாஸ்கில் மிச்சமிருந்த தேத்தண்ணியை மூடியில் ஊற்றி அவளிடம் நீட்டினாள்.

மாசியில் பெறுபேறு வந்தது. மக்டலீன் சித்தியடைந்திருந்தாள். நூற்பகுப்பில் ஐம்பத்துமூன்று புள்ளி. இரண்டு வாரத்தில் பதவியுயர்வுக் கடிதமும் கூடவே இடமாற்றமும் வந்தன: தீவொன்றின் நூலகத்துக்குப் பொறுப்பாளர். குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்கும் பஸ், அங்கிருந்து படகு.

"சந்தோசமோ?" என்று கேட்டார் அவளுடைய கணவர் அடைக்கலநாதன். முதுகு நோவால் கடற்றொழிலுக்குப் போகாமல் வீட்டோடு இருப்பவர்.

"களைப்பாக் கிடக்கு."

"வேண்டாமெண்டு எழுதிக் குடுக்கலாமே."

"குடுத்தால் பழையபடி மூண்டாந்தரம்தான். போய்ப் பாப்பம்."

புதிய இடத்துக்கு வேலைக்குப் போன முதல் நாள் பின்னேரம் மூன்று மணிபோல், தீவு இறங்குதுறையில் திரும்பிப் போகிற படகுக்குக் காத்திருந்தபோது சிவகௌரி கோல் எடுத்தாள். மக்டலீன் உடனே எடுத்தாள்.

"எப்பிடி அக்கா?"

"கரண்ட் இல்லை. ரெண்டே ரெண்டு பேர்தான் வந்தவை. புத்தகமெல்லாம் தூசி."

"வேறை?"

"வேறை ஒண்டுமில்லை. நீ சாப்பிட்டியோ?"

"இல்லை அக்கா, வேலை," என்றாள் சிவகௌரி.

"மூண்டு மணியாச்சு. போய்ச் சாப்பிட்டிட்டுக் கோல் எடு. படகு வாறதுக்கு இன்னும் நேரம் கிடக்கு," என்றாள் மக்டலீன்.