நான்காவது போல்ட்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு சொல்லை நான் பிழையாக விளங்கிக்கொண்டதில் பிறந்தது. பாலாவியில் ஒரு கராஜ் வாசல். கற்பிட்டி பஸ்ஸுக்காக நிற்கிறேன். விடிந்தும் விடியாத நேரம். உப்பளத்துப் பக்கம் வானம் எது, நிலம் எது என்று தெரியவில்லை.

2
முதலில் எழுதிய தொடக்கம்: “நிஸ்ரினின் வேன் ஒரு கனவைப்போல…” சீ, வேண்டாம். வேன் வேன்தான். நிஸ்ரின் ஓட்டும் பள்ளிக்கூட வேனுக்கு மெக்கானிக் இன்னாசிப்பிள்ளை பாஸ் வேறு எஞ்சின் ஏற்றிக்கொண்டிருந்தார். இன்று சாதாரண தரப் பொதுச் சோதனையின் முதல் நாள். கற்பிட்டி வீதியில் பதினொரு பிள்ளைகள், புத்தளத்துச் சோதனை மண்டபத்துக்குப் போக அவளை நம்பி நிற்பார்கள்.

3
“நல்லா இறுக்குங்க பாஸ், நேரம் போகுது” என்று அவசரப்படுத்தியவள் அவள்தான். அவரும் முதல் போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டார். இப்போது நான்காவது ஓட்டை அரை விரல் விலகி நிற்கிறது. அலவாங்குக் கம்பியால் நெம்பினார். அசையவில்லை. அலவாங்கைக் கீழே வைத்தார்.

“இருக்கட்டும், புள்ள.”

நிஸ்ரின் அழுதுவிட்டாள். “என்ன இருக்கட்டும்? புள்ளயள்ட சோதனை பாஸ்! அல்லாஹ்வுக்காகச் செஞ்சு தாங்க!”

(நானும் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன். அவரைச் சோம்பேறி என்று நான்கு பக்கம் எழுதினேன். கிழித்தாயிற்று.)

4
அவர் கைவிடவில்லை. இறுக்கியதையெல்லாம் தளர்த்தினார்.

“எஞ்சினைத்தான் சொன்னேன் புள்ள. அது தன்ட இடத்தில இருக்கட்டும். ஒண்ட முந்தி இறுக்கினா மத்தது வராது.”

எஞ்சினைத் தாங்கிய ஜெக்கைக் கொஞ்சம் இறக்கி, எஞ்சினை மெல்ல ஆட்டினார். தொட்டில் ஆட்டுவதுபோல இருந்தது. மூன்று போல்ட்டுகள் விரலாலேயே ஏறின. நான்காவதுக்கு இன்னும் ஒரு நூல்…

5
முடிவு ஒன்று: போல்ட் இறங்கியது. முடிவு இரண்டு: இல்லை, அதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

உண்மையில் அப்போது என் பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

6
வழியில் ஆலங்குடாவில் வெள்ளைப் பள்ளி உடுப்புகள். எண்ணினேன், பதினொன்று. யன்னலால் தலையை நீட்டி, “நிஸ்ரின்ட வேன் வருது, பிள்ளையள்!” என்று கத்தினேன். கதை எழுதுகிறவனுக்கு வாய் சும்மா இருக்காதே!

சிரித்தார்கள். எதிரே வந்த, புத்தளத்துக்குப் போகும் பஸ் அவர்களுக்காக வேகம் குறைத்தது. ஒரு பிள்ளை, வேண்டாம் போங்கள் என்று கையசைத்தது. பஸ் போய்விட்டது.

வாசகரே, இனி அந்த வேன் வந்தே ஆகவேண்டும். என்னால் முடியவில்லை. நீங்கள் ஓட்டிக்கொண்டு வாருங்கள்.