பத்துத் தேனீ

மூன்றாவது பெட்டியின் முன்பலகையில்தான் அந்தக் கறை முதலில் தெரிந்தது. மஞ்சளும் பழுப்புமாக, ஈர விரலால் இழுத்துவிட்டதுபோல. இரண்டே நாளில் ஐந்து பெட்டிகளிலும் வந்துவிட்டது. வயிறு உப்பிய தேனீக்கள் பறக்க முடியாமல் புல்லில் ஊர்ந்துகொண்டிருந்தன.

தேவா அவற்றின் பக்கத்தில் குந்தியிருந்தான். மூடிப்போன தங்கச் சுரங்கத்தை ஒட்டிய ஊரிகத்தில், தொழிலாளர் குடியிருப்பில் இருந்த அவர்களுடைய லைன் வீட்டுக்குப் பின்னால் பத்தடி இடம்தான். பெட்டிகள் போக மீதியில் துணிக்கொடி.

"ஏங்க, முதுகு வலிக்கப் போவுது. எழுந்திருங்க," என்றாள் வெண்ணிலா. பெங்களூர் போகும் காலை வண்டிக்கு அவளுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

"சாவுது வெண்ணிலா. நேத்து ஒரு கைப்பிடி. இன்னிக்கு ரெண்டு."

பன்னிரண்டு வருஷம் பெங்களூரில் கேப் ஓட்டியவன் அவன். முதுகில் டிஸ்க் விலகிய பிறகு வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன்பின் ஒரு வருஷம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். சாப்பிடக் கூப்பிட்டால் வருவான், அவ்வளவுதான். இந்த நாட்டுத் தேனீக்கள் வந்த பிறகுதான் காலையில் தானாக எழுந்து முகம் கழுவ ஆரம்பித்தான். இவை போய்விட்டால் அவன் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவானோ என்ற பயம் அவளுக்கு ரயிலிலும் கூடவே வந்தது.

அவள் வேலை செய்யும் கம்பெனியில் கோழித் தீவனத்தில் கலக்கும் பொடி தயாரிக்கிறார்கள். கோழியின் குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியா அது. லேபில் அதை வளர்த்து எண்ணிப் பார்ப்பதுதான் அவள் வேலை. தேவா அந்தப் பொடியில் கொஞ்சம் கேட்டான். சர்க்கரைத் தண்ணீரில் கரைத்து ஒரு வாரம் வைத்தும் பார்த்தான். தேனீக்கள் குடித்தன. சாவு குறையவில்லை.

அப்புறம்தான் அவள் சாகக் கிடந்த எட்டுத் தேனீக்களைத் தீப்பெட்டியில் போட்டு லேபுக்குக் கொண்டுபோனாள். கூட வேலை செய்யும் ஷில்பா முன்பு தேனீ ஆராய்ச்சி செய்தவள். கூர்நுனி இடுக்கியால் குடலை உருவி, அரைத்து, தட்டுகளில் தடவி வைத்தாள். நான்காம் நாள் தட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இதுல இருக்க வேண்டியது எதுவுமே இல்ல," என்று கன்னடத்தில் சொன்னாள். "தேனீக்குன்னு தனியா ஏழெட்டு வகை பாக்டீரியா உண்டு. பிறக்கும்போது வயித்துல ஒண்ணும் இருக்காது. கூட்டுல இருக்கற அக்காங்ககிட்ட இருந்துதான் வாங்கிக்கும். இதுங்களுக்குக் குடுக்க அக்காங்ககிட்டயே இல்ல. யாராவது ஆன்டிபயாட்டிக் குடுத்தாங்களா?"

"தெரியல," என்றாள் வெண்ணிலா. ஆனால் உடனே தெரிந்துவிட்டது. ஆடி மாதம் தேவாவின் சட்டைப் பையில் காலி கேப்ஸ்யூல் அட்டை இருந்தது. முதுகுவலி மாத்திரை என்று நினைத்துத் தூக்கிப் போட்டிருந்தாள்.

வண்டியில் வரும்போது கோபம் ஏறிக்கொண்டே வந்தது. பாக்டீரியாவைத் தினமும் கையில் வைத்திருப்பவள் வீட்டில் இருக்கிறாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? என்ன சொல்ல வேண்டும் என்று பங்காருபேட்டையிலிருந்தே வரிவரியாகச் சேர்த்துவைத்தாள்.

ஸ்டேஷனில் தேவா நின்றுகொண்டிருந்தான். வழக்கமாக வரமாட்டான். நிற்கச் சிரமமாக இருந்ததால் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னா சொன்னாங்க?"

சேர்த்துவைத்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "வயித்துல ஒண்ணியுமே இல்லியாம்," என்றாள்.

"கெட்டது இல்லன்னா நல்லதுதானே?"

"நல்லதும் இல்ல."

கொஞ்ச தூரம் நடந்தார்கள். தண்டவாளத்தைத் தாண்டும் இடத்தில் அவன் நின்றுவிட்டான்.

"நான்தான் குடுத்தேன். போன ஆடியில ரெண்டு மூணு தேனீப் புழு கருத்துக் கெடந்துச்சு. வீடியோவுல கேப்ஸ்யூலப் பிரிச்சுப் பாகுல போடச் சொன்னான். அஞ்சு பெட்டிக்கும் போட்டேன். நோவு இல்லாததுக்கும் சேத்து."

"எங்கிட்ட ஏன் கேக்கல?"

"உனக்குத் தெரியாம நானா ஒண்ணு சரி பண்ணிக் காட்டலாம்னு."

அவள் அவன் கையைப் பிடித்துத் தண்டவாளத்தைத் தாண்ட வைத்தாள். வீடு வரும்வரை கையை விடவில்லை.

*

ஷில்பாவிடம் ஒரு வழி இருந்தது. மருந்தே படாத நாட்டுத் தேனீக் கூட்டம் ஒன்று வேண்டும். அதிலிருந்து பத்துத் தேனீ. அவற்றின் குடலிலிருந்து பாக்டீரியாவை வளர்த்துத் தருகிறேன், புதிதாகப் பொரியும் தேனீக்களுக்குக் கொடுத்துப் பாருங்கள் என்றாள். பிடிக்குமா, பிடிக்காதா என்று உறுதி சொல்லமாட்டேன் என்றும் சொன்னாள்.

பக்கத்தில் மைசூர் மைன்ஸ் குடியிருப்பில் எலைன் ஆன்ட்டி வீட்டில் அப்படி ஒரு கூட்டம் இருந்தது. பள்ளிச் சீருடை தைக்கும் எலைன் தனியாக இருப்பவர். கணவர் இறந்த வருஷம் அவருடைய பழைய மரப்பெட்டிக்குள் தேனீக்கள் குடிவந்தன. அன்றிலிருந்து அந்தப் பெட்டியை அவர் நகர்த்தவும் இல்லை, யாரையும் தொட விட்டதும் இல்லை. தேன் எடுக்க வந்தவர்களை வாசலோடு அனுப்பிவிடுவார்.

ஞாயிறு காலை புத்த விகாரையில் வந்தனம் முடிந்து இருவரும் நேராக அங்கே போனார்கள். உயிர்களைக் கொல்வதைத் தவிர்க்கிறேன் என்று சற்றுமுன் சொன்ன வாய். அதே வாயால் கேட்க வெண்ணிலாவால் முடியவில்லை. தேவாதான் கேட்டான். தான் செய்த தப்பையும் மறைக்காமல் சொன்னான்.

எலைன் தையல் மிஷினிலிருந்து எழவில்லை. "பத்தும் செத்துப் போவுமா?"

"போவும் ஆன்ட்டி," என்றாள் வெண்ணிலா. "ஐஸ்ல வெச்சா முதல்ல தூங்கிடும். அப்பால ஒண்ணும் தெரியாது."

"உன் பெட்டி அஞ்சுலயும் எத்தினி கீது தேவா?"

"இப்போ ஒரு பத்தாயிரம் இருக்கும். முன்ன நாப்பதாயிரத்துக்கு மேல."

எலைன் வெகுநேரம் கையில் இருந்த காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து சமையலறையிலிருந்து ஒரு ஜாம் பாட்டிலைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தார்.

"நான் பிடிச்சுத் தர்றேன். நீங்க கிட்ட வந்தா அதுங்க மெரளும்."

வாசற்பொந்துக்கு நேரே பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தார். ஒன்று உள்ளே நுழையும்போதெல்லாம் வாய்க்குள் ஏதோ சொன்னார். எண்ணுகிறாரா, ஜெபம் சொல்கிறாரா என்று வெண்ணிலாவுக்குத் தெரியவில்லை. பத்தாவது வந்ததும் மூடிவிட்டு, பாட்டிலை அவளிடம் நீட்டினார்.

"சீக்கிரம் பண்ணிடும்மா. ரொம்ப நேரம் பூட்டி வெக்காதே."

திங்கட்கிழமை லேபில் ஷில்பா இடுக்கியை எடுத்தபோது, ஐஸில் வைப்பதை மட்டும் நான் செய்கிறேன் என்றாள் வெண்ணிலா. தேனீக்கள் ஒவ்வொன்றாகக் கால் மடக்கி அசைவற்றுப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டுகளை ஜாடிக்குள் அடுக்கி, ஒரு மெழுகுவத்தியை ஏற்றிவைத்து ஷில்பா மூடினாள். இந்தப் பாக்டீரியாவுக்குக் காற்று குறைவாக இருக்க வேண்டும். சுடர் சிறுத்து அணைந்தது. மூன்றாம் நாள் தட்டில் ஊசிமுனைப் புள்ளிகளாக வெள்ளை வெள்ளையாக வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை வண்டியில் உட்கார இடம் கிடைக்கவில்லை. குட்டி பாட்டிலைச் சோற்றுப் பையில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்து, நெஞ்சோடு அணைத்தபடி பங்காருபேட்டைவரை நின்றே வந்தாள். பாப்பாவா என்று ஒரு அம்மா எட்டிப் பார்த்தாள்.

மறுநாளிலிருந்து தேவா பெட்டிகளிலிருந்து அடை கட்டிய மரச்சட்டங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். அறையின் மெழுகு மூடியைக் கடித்துப் புதிதாக வெளிவரும் சாம்பல் நிறக் குஞ்சுத் தேனீக்கள்மேல் சர்க்கரைப் பாகில் கலந்ததைப் பஞ்சால் தொட்டுத் தெளித்தான். அவை ஒன்றையொன்று நக்கிக்கொண்டன. அவனுக்கு முதுகு வலித்தபோது வெண்ணிலா சட்டத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து நாள் இப்படியே போயிற்று.

முதல் பெட்டியும் நான்காவதும் அந்த வாரமே காலியாகிவிட்டன. நான்காவதில் ராணி பெட்டித் தரையில் கிடந்தது. தேவா அன்று சாப்பிடவில்லை. வெண்ணிலா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், வற்புறுத்தவில்லை. மறுநாள் விடிந்ததும் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டுத்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

ஐந்தாவதும் பிழைக்கவில்லை. ஆனால் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் புல்லில் ஊர்வது குறைந்துவந்தது. தைல மரங்கள் பூத்தபோது கால்களில் மகரந்தத்தோடு உள்ளே நுழைவதை இருவரும் பார்த்தார்கள். அந்த இரண்டு பெட்டிகளிலிருந்து ஷில்பா மறுபடி ஐந்தே ஐந்து தேனீ கேட்டாள். இந்தமுறை தட்டுகளில் புள்ளிகள் வந்தன. ஆனாலும் ரெண்டு பெட்டியை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது என்றாள். சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

தேவா அன்றே எலைன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். அந்த வருஷம் அவன் தேன் எடுக்கவில்லை. அதுங்களே தின்னட்டும் என்றான்.

தை மாதம் ஒருநாள் மாலை அவனுக்கு போன் வந்தது. பூதிகோட்டையில் மாந்தோப்பில் பெட்டி வைத்திருக்கும் ரவிகுமார். புழு கருக்குது, நீ போட்ட கேப்ஸ்யூல் பேர் என்ன என்று கேட்டான். அடுப்படியில் தாளித்துக்கொண்டிருந்த வெண்ணிலா சத்தம் அடங்க அடுப்பை அணைத்தாள்.

"அதப் போடாத ரவி," என்று தேவாவின் குரல் கேட்டது. "நான் போட்டுத்தான் மூணு பெட்டியக் கொன்னேன். நோவு வந்த சட்டத்த மட்டும் எடுத்து எரிச்சுடு. நாளைக்கு பஸ் புடிச்சு நான் வர்றேன், சேந்து பாக்கலாம். இன்னொண்ணு, எங்க வீட்ல லேபுல கீறாங்க. முதல்ல அவங்களைக் கேட்டுட்டு அப்பால எதுவும் பண்ணலாம்."

பிறகு சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"நாளைக்கு லீவு கிடைக்குமா?" என்றான். "நீயும் வந்தா நல்லாருக்கும்."