ஆறாம் வகுப்பு

ஐம்பத்தொன்பதில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடங்களில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் கிடையாது. மேலே படிக்க அட்டன் டவுனுக்குப் போக வேண்டும். தங்கிப் படிக்க அங்கே யார் இருக்கிறார்கள்? ஐந்தாவதில் முதலாவதாக வந்த நாகலெட்சுமி ஆறு மாதமாக லயத்து ஒற்றையறை வீட்டில் தம்பிக்குக் காவலிருந்தாள். கொழுந்தெடுத்துவிட்டு வரும் அம்மாக்கண்ணுவுக்கு மகளைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

அப்போதுதான் தோட்ட ஆபீஸ் கிளாக்கர் கணேசமூர்த்தி கூப்பிட்டனுப்பினார்.

"கொழும்பில என்ர தங்கச்சி டீச்சர். பிள்ளையை அங்க விடு. வீட்டில கொஞ்சம் கையுதவி செய்யட்டும். ஆறாம் வகுப்பில சேர்த்துவிடுவா."

"நீங்க நல்லா இருக்கணுங்க ஐயா," என்று கும்பிட்டாள் அம்மாக்கண்ணு.

புருசன் சோலைமலைக்கு மனசில்லை. "பொட்டப்புள்ளைய அம்புட்டுத் தூரத்துல விடறதா?"

"இங்க வச்சுக் கூடை மாட்டவா?" என்று அவர் வாயை அடைத்துவிட்டாள்.

இரண்டு வருசம் ஓடிப்போனது. போய்ப் பார்க்க லீவு கிடைக்கவில்லை. கேட்கும்போதெல்லாம், "நல்லாப் படிக்கிறாள்," என்றார் கிளாக்கர். தீபாவளிக்கு முன்னே சொல்லாமல் கொள்ளாமல் அம்மாக்கண்ணு ரயிலேறினாள்.

கதவைத் திறந்தது நாகலெட்சுமிதான். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கைகள் துணி துவைக்கும் சவுக்காரத்தில் வெந்து தோலுரிந்திருந்தன. உள்ளே டீச்சரின் மகள் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனாவது படிக்கிறம்மா?" என்று மகளைக் கேட்டாள் அம்மாக்கண்ணு.

பிள்ளை உள்ளேயிருந்து வந்த டீச்சரைப் பார்த்தது, தரையைப் பார்த்தது. "என்னையச் சேக்கவே இல்லம்மா."

"வாற வருசம் சேர்ப்பம் எண்டுதான்..." என்று இழுத்தாள் டீச்சர்.

"உடுப்ப எடுத்துக்கிட்டு வா," என்று மகளிடம் மட்டும் சொன்னாள் அம்மாக்கண்ணு.

மறுநாள் காலை அட்டனில் இறங்கியவள் லயத்துக்குப் போகவில்லை. தங்க இடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மகளோடு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பெரிய வாத்தியார் நல்ல மனுசர்தான். ஒரு புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். நாகலெட்சுமி எழுத்துக் கூட்டினாள். இரண்டாவது வரியில் அழுதுவிட்டாள்.

"வயசும் ஏறிருச்சு, படிச்சதும் போயிருச்சு. எந்த வகுப்புலம்மா இவள உக்கார வைப்பேன்?"

தோட்ட ஆபீசில், "நல்லாப் படிக்கிறாள்னீங்களே ஐயா," என்று கேட்டாள்.

"தங்கச்சி சொன்னதைத்தான் சொன்னன்," என்ற கணேசமூர்த்தி ஆள் பதியும் புத்தகத்தை இழுத்து, "பிள்ளையின்ர பேரை வேலைக்குப் பதியட்டோ?" என்றார்.

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. தலையாட்டினாள்.

தை பிறந்ததும் நாகலெட்சுமி தாயின் பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்தாள். "பழகின கை மாதிரியில்ல ஓடுது!" என்று கங்காணி மாயாண்டி மெச்சினார். மகள் வெட்கத்தோடு சிரித்தாள். அவளை யாரும் மெச்சி வெகுநாளாகியிருந்தது. அம்மாக்கண்ணுவுக்குத்தான் கண்ணீர் கண்ணை மறைத்தது. கொழுந்தா முற்றல் இலையா என்று பாராமல் பறித்துப் பறித்துக் கூடைக்குள் போட்டாள்.