பிடி விடும் வேகம்

"சதைக்கு வேகம் எங்கேருந்து வருது, இழுக்கிறதுலயா, விடுறதுலயா?" என்று அக்கா ஒருமுறை அவளிடம் கேட்டிருந்தாள். இறந்து கிடந்த அக்காவின் வலது கையைச் சட்டைக்குள் நுழைக்க முயன்றபோது அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது. முழங்கை மடங்கவில்லை.

"கட்டை மாதிரி இருக்கு பாப்பா, விட்டுடு," என்றாள் மாடி வீட்டுத் தையற்காரம்மா. சட்டையை முதுகுப் பக்கம் வெட்டி மாட்டிவிடலாம் என்று சொல்லிக் கத்திரி எடுக்கப் போனாள்.

அக்கா ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள். தசைக்குள் இருக்கும் ஒரு புரதம்தான் எப்போதும் அவள் பேச்சு. பள்ளியைப் பாதியில் விட்ட தங்கையைச் சமையலறை மேடையில் உட்காரவைத்து, விரலை மடக்கி நூலை இழுத்துக் காட்டுவாள். அதற்கு ஒரு தலை, ஒரு கழுத்து. தலை இழையைப் பிடிக்கும், கழுத்து வளைந்து இழுக்கும், பிறகு விடும். கழுத்து நீளமானால் ஒவ்வொரு இழுப்பும் பெரிதாகும். தலையில் இருக்கும் ஒரு சின்ன வளையத்தை மாற்றினாலோ, பிடி விடும் நேரமே மாறிப்போகுமாம். சீக்கிரம் விட்டால் வேகமான தசை, தாமதித்தால் நிதானமான தசை.

"விடுறதுக்குத்தான்டி சத்து வேணும். உயிர் போனா அது தீர்ந்துடும், பிடிச்சது பிடிச்சபடி நிக்கும். உடனே இல்ல, கை கால் இறுக மணிக்கணக்காகும்."

"இருக்கிற ஒரே ஸ்டூடண்ட்டும் தூங்குது பாரு," என்று அக்காவின் கணவர், மாமா, கூடத்திலிருந்து கிண்டல் செய்வார்.

அவள் அந்தக் கையை மறுபடி தொட்டுப் பார்த்தாள்.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மாமா எல்லோரிடமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். இப்போதுதான் அக்கா எழுந்தாள், தண்ணீர் கேட்டாள், அவர் கையால் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள், அப்படியே போய்விட்டாள். அடுத்த தெருவிலிருந்து ஓடிவந்த அம்மா, அந்தத் தண்ணீரைப் பற்றியே பேசிப் பேசித் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

முகம் துடைத்துவிட மாமா வெந்நீர் வாளியைக் கொண்டுவந்து வைத்தார்.

"கை இறுகிப்போச்சு, மாமா."

அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்க்கவில்லை.

"ராத்திரியே போயிட்டாளா?"

வெளியே யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

"கூப்பிட்டா," என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "ரெண்டு தடவை. சண்டை போட்டுட்டுக் கூடத்துல படுத்திருந்தேன். மறுபடியும் ஆரம்பிக்கத்தான் கூப்பிடுறான்னு நினைச்சேன். விடிஞ்சுதான் உள்ள வந்தேன்."

அவள் சட்டையை மடியில் போட்டுக்கொண்டாள். சட்டையின் பொத்தானைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றாள். "தண்ணிய முழுசாக் குடிச்சாளா, மாப்பிள்ளை?"

மாமாவின் வாய் திறந்தது. அம்மா காத்திருந்தாள்.

"குடிச்சாம்மா," என்றாள் அவள். அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "முழுசாக் குடிச்சா."

அம்மா தலையாட்டிக்கொண்டே திரும்பிப் போனாள். தையற்காரம்மா கத்திரியோடு வந்து, சட்டையை வாங்கி முதுகுப்புறமாக வெட்டத் தொடங்கினாள்.

மாமா அறையைவிட்டு வெளியேறினார். கூடத்தில் யாரோ அவர் தோளைத் தொட வந்தார்கள், அவர் நிற்கவில்லை. வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளில் ஒன்றையும் மிதித்துவிடாமல், பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, படியிறங்கித் தெருவுக்குப் போனார்.